கசெற்றில் கேட்ட சொல்

மூன்று நாள் விடாமல் பெய்த மழை ஒரு சனிக்கிழமை காலையில்தான் நின்றது. உடுப்புக் காயப்போடலாமா என்று பார்க்கப் பின்வளவுக்குப் போனேன். பக்கத்து வீட்டு அன்ரி வேலிக்கு மேலால் தலையை நீட்டி, காலை வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டார்:

"உங்கள் கராஜில் ஒரு பெரிய பிரீசர் இருக்கிறதல்லவா? அதில் எவ்வளவு இடம் இருக்கும்?"

நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

சிட்னியின் மேற்கே மெரிலேண்ட்ஸில் அந்த வீட்டை வாங்கி வந்து எங்களுக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவ்வளவு காலத்தில் நானும் அவரும் கதைத்தது எந்தக் குப்பைத்தொட்டியை எந்த நாள் வெளியே வைப்பது என்பதைப் பற்றி மட்டும்தான். எழுபது வயது இருக்கும், மெலிந்த உயரமான பெண். மொசாம்பிக்கில் பிறந்தவர், இளம் வயதில் லிஸ்பனுக்குப் போனவர், பிறகு மெல்பேர்ணில் இருபது வருடம் ஆஸ்பத்திரித் துப்புரவு வேலை செய்துவிட்டு சிட்னிக்கு வந்தவர் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அவர் தனியாக இருக்கிறார், அவருடைய கராஜில் கார் இல்லை, கூரை முட்டப் பெட்டிகள்தான் இருக்கின்றன, மாதத்துக்கு ஒருமுறையாவது யாராவது வந்து இன்னொரு பெட்டியை இறக்கிவிட்டுப் போகிறார்கள். இவ்வளவுதான் நான் அறிந்திருந்தது. கண்டதையும் சேர்த்து வைக்கிற வியாதி என்று நினைத்தேன். ரீவியில் அப்படியான ஆட்களைக் காட்டுவார்களே, அந்த வகை.

பிரீசர் என்னுடைய பிழைப்பு. வார நாட்களில் பரமட்டாவில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். சனி, ஞாயிறில் பிறந்தநாளுக்கும், பெண்பிள்ளைகள் பெரியவளாகும் சாமத்தியவீட்டுக்கும் ரோல்ஸ், கட்லட், பற்றிஸ் செய்து கொடுக்கிறேன். அன்றைக்கு அடுத்த வாரச் சாமத்தியவீடு ஒன்றுக்காகச் சுற்றி வைத்த முந்நூறு ரோல்ஸ் அதற்குள் இருந்தன.

"ஏன் கேட்கிறீர்கள்?" என்றேன்.

அவர் தன் கராஜ் கதவைத் தூக்கிக் காட்டினார். ஒழுங்கையின் வடிகாலில் இலை அடைத்து, மழைத்தண்ணீர் முழுவதும் சரிவில் இறங்கி அவருடைய கராஜுக்குள் போயிருந்தது. கணுக்கால் அளவு தண்ணீர். அடிவரிசைப் பெட்டிகள் ஊறி, மேலே இருந்தவற்றின் பாரத்தில் பிதுங்கிக்கொண்டு நின்றன.

"ஈரமான படங்களும் கடிதங்களும் ஒன்றோடு ஒன்று ஒட்டிவிடும். இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கும். உறைய வைத்துவிட்டால் எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே நிற்கும். பிறகு ஆறுதலாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் காயவைக்கலாம்," என்றார். "என்னுடைய பிரீசரில் ஐஸ்கிரீம் டப்பா இரண்டு வைக்கலாம். அவ்வளவுதான்."

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் கையில் ஒரு கல்யாணப் படம் இருந்தது. தேவாலயப் படிக்கட்டில் ஒரு கறுப்பின மாப்பிள்ளை, பெண், சுற்றிவர ஆட்கள். ஈரம் கீழிருந்து ஏறி மணப்பெண்ணின் கையிலிருந்த பூச்செண்டுவரை வந்திருந்தது. அவர் அதைத் தண்ணீர் வடியச் சரித்துப் பிடித்திருந்தார். காய்ச்சல் பிள்ளையைப் பிடிக்கிறமாதிரி இருந்தது அந்தப் பிடி.

"பத்து நிமிடம் தாருங்கள்," என்றேன்.

வீட்டுக்குள் போய்க் கணவரிடம் சொன்னேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார்.

"முந்நூறு ரோல்ஸையும் எங்க வைக்கப்போறீர்?"

"குவேக்கர்ஸ் ஹில்லில உங்கட அக்கா வீட்டுப் பிரீசர் பாதி வெறுமை. கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்கோ."

"என்னெண்டு சொல்லுறது?"

"எங்கட பிரீசர் பழுதாப் போச்செண்டு சொல்லுங்கோ."

பக்கத்து வீட்டு அன்ரிக்காக என்று மச்சாளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அப்போது யோசிக்கவும் இல்லை.

அன்று மாலைவரை நானும் அன்ரியும் அந்தத் தண்ணீருக்குள் நின்றோம். என்னிடம் இருந்த பேக்கிங் பேப்பர் சுருள் ஒன்பதும் முடிந்தது. ஒரு படம், ஒரு தாள், ஒரு படம், ஒரு தாள் என்று அடுக்கி, பொலித்தீன் பையில் போட்டு, எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தது என்று எழுதி ஒட்டி உள்ளே வைக்கவேண்டும். அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். கசெற்றுகளை நான் எடுத்துப் பையில் போடப்போனபோது கையைப் பிடித்தார். "இது உறையக்கூடாது. நாடா பழுதாகிவிடும். இதை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவிடவேண்டும்."

பெட்டிகளுக்குள் நான் எதிர்பார்த்த குப்பை இல்லை. எல்லாம் இந்த நாட்டுக்கு வந்துசேர்ந்த கறுப்பின மக்கள் விட்டுப்போனவை. கப்பல் மாலுமி ஒருவரின் வேலைப் புத்தகம். தேவாலய ஆராதனைத் தாள்கள். சிகையலங்காரக் கடை ஒன்றின் விலைப்பட்டியல். மரச் சீப்புகள். அகதி முகாமிலிருந்து தங்கைக்கு எழுதிய கடிதங்கள். இந்த நாட்டில் தங்கம் தேடித் தோண்டிய காலத்துப் படம் ஒன்றின் பிரதியில், கூடாரத்துக்கு முன்னால் மண்வெட்டியோடு ஒரு கறுப்பு மனிதர். இந்த நாட்டுக்குக் கைதிகளை ஏற்றிவந்த முதல் கப்பல்களிலேயே ஆப்பிரிக்க வழிவந்தவர்களும் இருந்தார்கள் என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். உண்மைதான்.

அடுத்து வந்த வாரங்களில், வேலை முடிந்து வந்ததும் பிரீசரிலிருந்து இரண்டு பையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவேன். சாப்பாட்டு மேசையில் துணி விரித்து, படங்களைப் பிரித்து வைப்போம். சில பிரிந்தன. சில பிரியவில்லை. கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை தப்பினார், மணப்பெண்ணின் முகம் எதிரே இருந்த தாளோடு போய்விட்டது. அன்ரி அந்தத் தாளையும் எறியவில்லை. இரண்டையும் ஒரே உறையில் வைத்தார்.

அப்படியிருந்த ஒருநாள் துணி போதவில்லை. வீட்டிலிருந்த கணவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"இஞ்சாருங்கோ, அலுமாரிக்குள்ள பழைய துவாய் இருக்கு, எடுத்துக்கொண்டு வாங்கோ. சாவி குசினி மேசையில கிடக்கு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அன்ரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துவால்யா," என்றார். "அர்மாரியு. ஷாவி. குசீன்யா. மேசா. நீங்கள் இப்போது பேசியது என்ன மொழி?"

"தமிழ்."

"பாதி என் அம்மாவின் வீட்டு மொழி!"

இருவரும் சிரித்தோம். போர்த்துக்கேயர் எங்கள் ஊரையும் ஆண்டார்கள், அதனால் வந்த சொற்கள் என்றேன். அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாததும் தெரிந்திருந்தது.

"கப்பலில் சொற்கள் மட்டும் வரவில்லை," என்றார். "ஆப்பிரிக்காவில் பிடித்த மனிதர்களையும் உங்கள் தீவில் கொண்டுபோய் இறக்கினார்கள். அடிமைகளாக, சிப்பாய்களாக. அவர்களின் சந்ததி இன்னும் அங்கே இருக்கிறது. நீங்கள் பார்த்ததில்லையா?"

பள்ளிக்கூடத்தில் போர்த்துக்கேயர் வந்த வருடம், கட்டிய கோட்டை எல்லாம் பாடமாக்கி எழுதியவள் நான். இதைப் பற்றி ஒரு வரி படித்த நினைவில்லை.

ஏன் இதையெல்லாம் சேர்க்கத் தொடங்கினீர்கள் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். மெல்பேர்ணில் அவர் குடியிருந்த தொடர்மாடியில் கேப் வெர்டே தீவிலிருந்து வந்த ஒரு வயதான மாலுமி இருந்திருக்கிறார். ஆள் இறந்ததும் உரிமை கோர யாரும் வரவில்லை. வீட்டைத் துப்புரவாக்கியவர்கள் அவருடைய சூட்கேசைக் குப்பைக் கொள்கலனுக்குள் எறிந்துவிட்டார்கள். வேலைக்குப் போகும் வழியில் அன்ரி அதைக் கண்டிருக்கிறார்.

"வேண்டாமென்றால் நான் எடுக்கலாமா என்று கேட்டேன். எடு என்றார்கள். அதற்குள் நாற்பது வருடக் கடிதம் இருந்தது. எல்லாம் அவர் எழுதியவை, அனுப்பாதவை. எனக்குப் போர்த்துக்கேய மொழி தெரியும். என்னைத் தவிர அந்தத் தெருவில் அதை வாசிக்க ஆளே இல்லை. பிறகு எப்படி எறிவது?"

அந்த சூட்கேசோடு தொடங்கியவர், ஓய்வு நாட்களில் நூலகங்களில் இருந்து படித்து, கப்பல் பதிவேடுகளைத் தேடி, ஊர் ஊராகப் போய் வயதானவர்களைப் பேசவைத்துப் பதிவுசெய்து, முப்பது வருடத்தில் அந்தக் கராஜை நிரப்பியிருந்தார். பல்கலைக்கழகத்திலிருந்தெல்லாம் வந்து அவரிடம் சந்தேகம் கேட்பார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாம் வாரம் அவர் ஒரு கசெற்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வெள்ளத்தில் நனைந்ததைக் கழுவிக் காயவைத்து, நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றியிருந்தார். பழைய கூட்டின் லேபிளில் 'திருகோணமலை' என்று ஆங்கிலத்தில் இருந்தது. பாட்டுச் சேகரிக்கப் போன ஒரு போர்த்துக்கேய ஆய்வாளர் பல வருடங்களுக்கு முன் அவருக்குப் பிரதி எடுத்து அனுப்பியதாம்.

"பாட்டில் பாதி எனக்கு விளங்குகிறது, பழைய போர்த்துக்கேயம். இடையில் ஒரு வயதான பெண் பேசுகிறார், அது விளங்கவில்லை. நீங்கள் அன்றைக்கு போனில் பேசியபோது, அந்த மொழிதான் என்று தோன்றியது. கேட்டுச் சொல்வீர்களா?"

கேட்டேன். முதலில் கைதட்டலோடு ஒரு பாட்டு. பிறகு சுத்தமான தமிழில் ஒரு குரல்.

"இந்தப் பாட்டெல்லாம் கலியாண வீட்டில படிப்பம். கருத்துத் தெரியாது. எங்கட அப்பாவுக்கும் தெரியாது. அப்பா துறைமுகத்தில வேலை, வெள்ளைக்காரன்ர காலம்…"

நான் ஒரு வசனம் நிறுத்தி, ஒரு வசனம் மொழிபெயர்த்துக்கொண்டு போனேன். அன்ரி பென்சிலால் எழுதினார். பேச்சு பள்ளிக்கூடத்துக்கு வந்தது.

"எனக்குப் பக்கத்தில வகுப்பு வாங்கில ஒருத்தியும் இருக்கமாட்டாள். காப்பிலிப் பெட்டை, காப்பிலிப் பெட்டை எண்டுவாளவை. ரீச்சரும் அப்பிடித்தான் கூப்பிடுவா. எனக்குப் பேர் இருக்கு ரீச்சர் எண்டன் ஒருநாள். அண்டைக்கு விழுந்த அடி!" சொல்லிவிட்டு அந்தப் பெண் சிரித்தார்.

நான் கொஞ்சம் தாமதித்து, "ஆப்பிரிக்கப் பெண் என்று மற்றப் பிள்ளைகள் கூப்பிடுவார்களாம்," என்றேன்.

அன்ரி எழுதவில்லை. பென்சிலைக் கீழே வைத்தார்.

"அவர் அப்படிச் சொல்லவில்லை. வேறு ஒரு சொல் சொன்னார். இரண்டு தடவை." பிறகு அந்தச் சொல்லைப் பிழையில்லாமல் சொன்னார். "காப்பிலி. எனக்கு அந்தச் சொல் தெரியும். நீங்கள் உடுப்புக் காயப்போடும்போது போனில் சொல்லுவீர்கள். சொல்லிவிட்டு என் பக்கம் பார்ப்பீர்கள்."



"எனக்கு ஏதோ பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்திருந்தேன்," என்றார். "அயலவர்களுக்குப் பெயர் வைப்பது எல்லா ஊரிலும் வழக்கம்தானே. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் பதிவில் அந்தப் பெண் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருந்தது. சொன்னேன். கறுப்பினத்தவரைக் குறிக்க எங்கள் ஆட்கள் பாவிக்கிற சொல், மரியாதையான சொல் இல்லை, ஏசுவதற்கும் பாவிப்பார்கள் என்றேன். "மச்சாளோடு கதைக்கும்போது உங்களை அப்படித்தான் சொன்னேன். இரண்டு வருடமாக."

அவர் பென்சிலைக் குறிப்புப் புத்தகத்துக்குள் வைத்து மூடினார்.

"காஃப்ரே," என்றார் மெதுவாக. "போர்த்துக்கேயர் எங்களை அப்படித்தான் கூப்பிட்டார்கள். துவாய், சாவி, குசினி. இதுவும் அந்தக் கப்பலில் வந்ததுதான்."

பிறகு கசெற்றை வெளியே எடுத்து உறைக்குள் போட்டார். "இன்றைக்குப் போதும். போய் வாருங்கள்."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன்.

"வேணுமெண்டே சொன்னனீர்? வாயில வந்ததைச் சொன்னனீர்," என்றார் கணவர்.

பல்கலைக்கழகத்துக்குப் போகும் மகள் லப்டொப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். "அம்மா, சீரியஸ்லி? அந்த வேர்டைச் சொல்லவேண்டாம் எண்டு நான் எத்தினை தரம் சொன்னனான்? யூ ஜஸ்ட் லாஃப்ட்."

உண்மை. அவள் சொல்லியிருக்கிறாள். நான் சிரித்திருக்கிறேன்.

அதைவிட மோசமான உண்மை ஒன்றும் இருந்தது. சின்ன வயதில் அந்தச் சொல்லை நான் வாங்கியிருக்கிறேன். நான் நல்ல கறுப்பு. விருந்துக்கு வருகிற பெரியம்மா என் நாடியைப் பிடித்துத் திருப்பி, "எங்கட குடும்பத்தில இது மட்டும் என்னெண்டு காப்பிலி மாதிரி?" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். கிணற்றடியில் நின்று முகம் எரியச் சவர்க்காரம் போட்டிருக்கிறேன். அந்தச் சொல் எப்படி வலிக்கும் என்று தெரிந்த நான், எனக்கு எதிரில் இன்னொருவர் கிடைத்ததும் அதை எடுத்து அவர்மேல் போட்டுவிட்டேன். போட்டபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

நாலு நாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. பிரீசரைத் திறக்கும்போதெல்லாம் அவருடைய கையெழுத்தில் லேபிள்கள் தெரிந்தன. ஐந்தாம் நாள் போனேன். ஏதாவது சுட்டுக்கொண்டு போகலாமா என்று நினைத்தேன், லஞ்சம் கொடுக்கிற மாதிரி இருந்தது. வெறுங்கையோடு போய்க் கதவைத் தட்டினேன்.

"சொறி," என்றேன். பஸ்ஸில் காலை மிதித்தாலும் அதே சொல்தான், இதற்கும் அதே சொல்தான்.

அவர் என்னை உள்ளே வா என்று சொல்லவும் இல்லை, கதவைச் சாத்தவும் இல்லை.

"எனக்குக் கோபம் இருக்கிறது," என்றார். "ஒரு நாளில் போகிற கோபமில்லை. ஆனால் கோபத்தோடும் வேலை செய்யலாம். நான் வாழ்க்கை முழுக்க அப்படித்தான் செய்திருக்கிறேன். வந்து இருங்கள்."

கசெற்றை முதலிலிருந்து போட்டார். இந்தமுறை எதையும் மாற்றாமல் மொழிபெயர்த்தேன். அந்தச் சொல் வந்த இடத்தில், அதைத் தமிழ் எழுத்திலேயே ஒரு அட்டையில் எழுதச் சொன்னார். அதன் கீழே அர்த்தத்தையும், அது எங்கிருந்து வந்தது என்பதையும் ஆங்கிலத்தில் அவர் எழுதினார். எழுதிவிட்டு என்னிடம் கேட்டார்:

"மொழிபெயர்த்தவரும் இந்தச் சொல்லை சிட்னியில் பாவித்திருக்கிறார் என்று எழுதலாமா? உங்கள் பெயர் வராது."

"கட்டாயம் எழுதவேண்டுமா?"

"சொல் எங்கே, யாரால், எப்போது சொல்லப்பட்டது என்று எழுதாவிட்டால், அது எப்போதோ முடிந்துபோன விஷயம் என்று படிக்கிறவர்கள் நினைப்பார்கள்."

எழுதுங்கோ என்றேன். எழுதினார். அதற்குப் பிறகுதான் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

பிரீசர் முழுதும் வெறுமையாவதற்கு ஐந்து மாதம் சென்றது. மச்சாளுக்கும் உண்மையைச் சொன்னேன். பிரீசர் ஏன் 'பழுதானது' என்பதையும், இனி அந்தச் சொல்லை என்னோடு கதைக்கும்போது சொல்லவேண்டாம் என்பதையும். "உனக்கு என்ன பிடிச்சது?" என்றா. கொஞ்சநாள் கதைக்கவில்லை. இப்போது கதைக்கிறா, அந்தச் சொல்லுக்கு வருகிற இடத்தில் ஒருமுறை நின்றுவிட்டு "பக்கத்து வீட்டு அன்ரி" என்கிறா. அந்த வருட முடிவில் ஒரு நூலகம் மூலப் படங்களையும் கடிதங்களையும் பொறுப்பெடுத்தது. வான் வந்து மூன்று தடவை ஏற்றிப்போனது. தரையில் இனி எதுவும் வைக்கப்படாது என்று எழுத்தில் வாங்கிய பிறகுதான் அன்ரி கையெழுத்துப் போட்டார்.

கசெற்றில் பேசிய பெண்ணைத் தேடலாம் என்பது என்னுடைய யோசனை. கணவரின் நண்பர் ஒருவர் திருகோணமலையில் ஆசிரியர். பதிவின் பிரதியை அவருக்கு அனுப்பினேன், அவர் அதை அங்குள்ள தேவாலயத்தில் போட்டுக் காட்டி விசாரித்தார். இரண்டு மாதம் கழித்து என் போனுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. அந்தப் பெண்ணின் மகள். அவவுக்கே அறுபது தாண்டியிருக்கும்.

"அம்மா செத்துக் கனகாலம். அம்மான்ர குரலைத் திரும்பக் கேப்பன் எண்டு நான் நினைக்கேல்லை. ஆர் பிள்ளை நீங்கள்? அதை எப்பிடி இவ்வளவு காலமும் வச்சிருந்தனீங்கள்?"

வேலியடிக்கு ஓடிப்போய் அன்ரியைக் கூப்பிட்டேன். செய்தியைப் போட்டேன், ஆங்கிலத்தில் சொன்னேன். மறுபடியும் போடச் சொன்னார். மூன்றாம் தரம் கேட்கும்போது வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் வேலிக்கு மேலால் கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் திருகோணமலையிலிருந்து ஒரு படம் வந்தது. துறைமுகத்தில் எட்டுப் பேர் வரிசையாக நிற்கிறார்கள். இடமிருந்து மூன்றாவது ஆள் தன் தாயின் அப்பா என்று அந்த மகள் எழுதியிருந்தா. அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடியையும் எடுத்து, அரைமணித்தியாலம் பார்த்தார். பிறகு தாளும் பென்சிலும் எடுத்தார். பக்கத்தில் நிற்பவர் யார்? கையில் இருப்பது கயிறா, சங்கிலியா? சப்பாத்து ஏன் ஒருவருக்கு மட்டும் இருக்கிறது? படத்தின் பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா? மொத்தம் பதினேழு கேள்வி. நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிப் பதிவுசெய்து அனுப்பினேன். இதுவரை ஆறுக்குப் பதில் வந்திருக்கிறது.